பதில்: தாளம் சரி, ஆனால் குழுவோடு ஒட்டவில்லை

குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன், தாளம் பிசகுவதில்லை, ஆனால் வீடியோவில் பார்த்தால் தனித்தீவு மாதிரி தெரிகிறேன், பேஸ் கிட்டார் வாசிப்பவரும் அதையே சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்கள் டிரம் செட்டைப் பாருங்கள். கிராஷ் சிம்பல் (ஓங்கி அடிக்கும் பெரிய உலோகத் தட்டு) முகத்தை மறைக்கும் உயரத்தில் இருந்தால் நீங்கள் சிரித்தாலும் யாருக்கும் தெரியாது. அதைக் கொஞ்சம் இறக்குங்கள். பேஸ்காரரை ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) பக்கம் நிற்கச் சொல்லுங்கள், அவர் விரல்கள் உங்கள் கண்ணில் படும்.

பாட்டு முழுக்க யாரையும் முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அது பார்க்கவே சங்கடம். பல்லவிக்குத் திரும்பும் இடம், திடீர் நிறுத்தம், முடிவு, இந்த இடங்களில் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தால் போதும். பலர் ஃபில் (ஒரு பகுதி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது வாசிக்கும் சின்ன அடிக்கோவை) வரும்போது டாம் டிரம்களைப் பார்த்துக் குனிந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு உங்கள் முகம் தேவைப்படுவதே அப்போதுதான்! குனியாமல் வாசிக்க வரவில்லை என்றால் அந்த ஃபில் இன்னும் கைக்கு வரவில்லை. மேடைக்கு எளிதான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மானிட்டரில் (மேடையில் நீங்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர் அல்லது இயர்போன்) கிளிக்கும் (தாளத்தை எண்ணும் 'டிக்' சத்தம்) உங்கள் டிரம்ஸும் மட்டும்தான் கேட்கிறதா? பேஸையும் பாடகர் குரலையும் ஏற்றச் சொல்லுங்கள். ஒத்திகையில் நீங்களும் பேஸ்காரரும் மட்டும் ஒரு பாட்டை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸும் சேர்ந்து விழுந்தால் ஒரே சத்தமாகக் கேட்கும், நீங்கள் முந்தினால் கிக் தனியாக 'டக்' என்று தெரியும்.

குச்சியைச் சுழற்றுவதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பாட்டு வரிகளை வாய்க்குள் முணுமுணுத்தபடி வாசியுங்கள், முகம் தானாக இளகும். அடுத்த வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், எங்கே ஒதுங்கிப் போகிறீர்கள் என்று உடனே பிடிபடும்.