தாழ்வாரத்தில் பரட்டைக்கீரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் கேல் வைத்திருக்கிறேன். இலை கசக்கிறது, ஓட்டை ஓட்டையாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, ஈசூன்

பதில்: கசப்புக்குக் காரணம் நம் வெயில். கேல், அதாவது பரட்டைக்கீரை, குளிர்நாட்டுப் பயிர். பனி விழுந்தால் இலையில் சர்க்கரை கூடும். அங்கே குளிர்கால இலை இனிப்பது அதனால்தான். இங்கே இரவிலும் 25 டிகிரியை ஒட்டியே இருப்பதால், முற்ற விட்டால் கசப்பும் நாரும்தான் மிச்சம். உள்ளங்கை அளவு வந்ததுமே அடியிலிருந்து இரண்டு மூன்று இலையாகப் பறியுங்கள். குருத்தில் கைவைக்க வேண்டாம், அது இருந்தால் செடி மாதக்கணக்கில் தரும். 25 செ.மீ. ஆழத் தொட்டியும் நான்கைந்து மணி நேரக் காலை வெயிலும் வேண்டும். மேற்கு வெயில் அடித்தால் நிழல்வலை கட்டுங்கள். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்தாலும் கசக்கும்.

ஓட்டை போடுவது பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு. இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கையால் பொறுக்கிவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரச் சோப்பும் கலந்து, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சோப்பு சேராவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வரும். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழியும் விட வேண்டும்.

கேள்வி: எந்த வகை நல்லது?
வாசகர், பிடோக்

பதில்: டஸ்கன். கரும்பச்சையில் நீண்ட, சொரசொரப்பான இலை. வெப்பத்தைச் சற்றுத் தாங்கும். சுருள் கேலின் மடிப்புகளில் அசுவினிப் பூச்சி ஒளிந்தால் கழுவி மாளாது. சமையலுக்கு மட்டும்தான் என்றால் சந்தையில் வாங்கும் கைலான் என்ற சீனக் கீரையே போதும். கேலும் கைலானும் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம்தான்.

கேள்வி: பொரியல் செய்தால் தோல்போல் இருக்கிறதே?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முருங்கைக்கீரைபோல் வெறுமனே வதக்கினால் அப்படித்தான் ஆகும். நடுநரம்பை உருவி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து, உப்புப் போட்டு இரண்டு நிமிடம் கையால் பிசையுங்கள். 200 கிராம் கீரைக்கு, கடுகு, உளுந்து, வெங்காயம் தாளித்தபின் 3 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு ஆறு நிமிடம் வேகவிடுங்கள். பிறகு திறந்து ஈரம் வற்றியதும் தேங்காய்ப்பூ. பாசிப்பருப்புக் கூட்டு இன்னும் பொருந்தும். பருப்பு கசப்பை அமுக்கிவிடும்.

கேள்வி: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் அப்பாவுக்குத் தரலாமா?
வாசகர், தெம்பனிஸ்

பதில்: கேலில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். திடீரென்று தொடங்கவோ அளவைக் கூட்டவோ வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் வாராவாரம் ஒரே அளவாகக் கொடுங்கள்.