சொந்தக் காசு, பொது இடம்: சிலை வைப்பது பற்றி வாசகர் கேள்விகள்

பொதுப் பூங்கா, சாலைச் சந்திப்பு, நூலக முற்றம் போன்ற இடங்களில் தனியார் செலவில் நினைவுச் சிலை வைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். வைக்க நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தந்தையின் நினைவாகப் பூங்காவில் வெண்கலச் சிலை வைக்க விரும்புகிறோம். முழுச் செலவும் எங்களுடையது. பொதுப்பணம் ஒரு காசுகூடத் தேவையில்லை. அப்படியிருந்தும் எதிர்க்கிறார்களே, ஏன்?

பதில்: நீங்கள் கொடுப்பது சிலையை மட்டும்தான். அது நிற்கும் நிலம் ஊருடையது. கழுவுவது, விளக்குப் போடுவது, உடைந்தால் ஒட்டுவது, யாராவது சாயம் ஊற்றினால் துடைப்பது எல்லாம் உள்ளாட்சியின் தலையில் விழும், அதுவும் நூறு வருடத்துக்கு. இதை உணர்ந்துதான் அமெரிக்கத் தலைநகரில் நினைவுச்சின்னம் வைப்பதற்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம், கட்டுமானச் செலவில் 10 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று தனியாகக் கட்டச் சொல்கிறது. ஒருவர் இறந்து 25 ஆண்டு ஆகாமல் அவருக்கு அங்கே சின்னம் எழுப்பவும் அந்தச் சட்டம் இடம் தருவதில்லை.

செலவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பூங்காவில் சிலை நின்றால், இவரை ஊர் மதிக்கிறது என்றுதான் வழிப்போக்கர் நினைப்பார். காசு யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது. யூட்டா மாநிலத்துப் பிளசன்ட் குரோவ் நகரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தனியார் நன்கொடையாக வந்தாலும், பொதுப் பூங்காவில் நிலையாக நிற்கும் சின்னம் அரசின் பேச்சாகவே கொள்ளப்படும். ஊரின் வாயால் நீங்கள் பேசப் பார்க்கிறீர்கள் என்பதால்தான் ஊர் கேள்வி கேட்கிறது. அதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டோம். கூச்சலில் முடிந்தது. முறையாக நடத்துவது எப்படி?

பதில்: கூட்டத்தில் முடிந்துபோன சிலையின் படத்தைக் காட்டியிருப்பீர்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. மக்களைக் கேட்க வேண்டியவை மூன்று, அதுவும் இந்த வரிசையில்: இவரை இங்கே நினைவுகூர வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த இடத்தில்? அந்த இடத்தில் எந்த வடிவில்? மூன்றையும் ஒரே மாலையில் போட்டால், மூக்கு சரியில்லை என்பவரும், இந்த ஆளே வேண்டாம் என்பவரும், பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் போய்விடும் என்பவரும் ஒரே எதிர்ப்பணியாகச் சேர்ந்துவிடுவார்கள். தனித்தனியாகக் கேட்டால், பந்து விளையாட இடம் கேட்டவர் சிலை இருபது மீட்டர் தள்ளிப் போனால் போதும் என்பார்.

அறிவிப்பை அலுவலகப் பலகையில் மட்டும் ஒட்டாமல் சிலை வரப்போகும் அதே இடத்தில் வையுங்கள், குறைந்தது ஆறு வாரம். பிறகு ஒட்டுப்பலகையில் முழு அளவு உருவத்தை வெட்டி, பீடத்தின் உயரத்துக்குப் பெட்டி வைத்து, அதன்மேல் நிறுத்துங்கள். இரண்டு வாரம் நிற்கட்டும். வரைபடத்தில் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும். நடைபாதையில் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிச் செல்ல 1.8 மீட்டர் மிச்சமிருக்கிறதா, திருப்பத்தில் வரும் வண்டி மறைகிறதா, மாலை வெயில் முகத்தில் விழுகிறதா முதுகில் விழுகிறதா என்று பாருங்கள். கருத்துகளை எழுத்தில் வாங்குங்கள். கை தூக்கச் சொன்னால், நன்கொடையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பாதிப்பேர் கையைத் தூக்கமாட்டார்கள், மீதிப்பேர் கோபத்தில் தூக்குவார்கள்.

வடிவத்தில் பிடிவாதம் முற்றினால், சமரசத்துக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு சிலைக்கு இடம் தேடலாம். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சின்னம் முழுக்கத் தனியார் நன்கொடையில் எழுந்தது. 1981 போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களைப் பெயர் மறைத்து, எண் போட்டுத்தான் நடுவர்கள் பார்த்தார்கள். ஜெயித்தவர் 21 வயது மாணவி மாயா லின். இறந்த வீரர்களின் பெயர்களைப் பொறித்த கறுப்புக் கருங்கல் சுவர்தான் அவர் வடிவம். அதைக் கண்டு பலர் கொதித்தார்கள். சுவர் 1982இல் திறக்கப்பட்டது. எதிர்ப்பாளர்களுக்காக மூன்று போர்வீரர்களின் வெண்கலச் சிலை 1984இல் சற்றுத் தள்ளி வந்தது. சுவரின் வடிவம் மாறவில்லை. தள்ளி வைத்ததால்தான் இரண்டும் பிழைத்தன.

கேள்வி: முகம் அவரைப் போல இல்லாமல் போனால்?

பதில்: சிற்பி முதலில் களிமண்ணில் உருவம் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, பிறகுதான் வெண்கலத்தில் வார்ப்பார்கள். களிமண்ணில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரப்பர் அச்சு எடுத்தபின் சொன்னால் பாதிச் செலவு போச்சு. வார்த்தபின் சொன்னால் அழுவதுதான் மிச்சம்.

சிறு மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். 40 சென்டிமீட்டர் மாதிரியில் எந்த முகமும் அழகாகத்தான் இருக்கும். முழு அளவுக் களிமண் உருவத்தை, பீடத்தின் உயரத்துக்கு ஏற்றிவைத்து, நாலைந்து மீட்டர் தள்ளித் தரையில் நின்று பாருங்கள். கீழிருந்து பார்க்கும்போது தாடை பெரிதாகும், நெற்றி சுருங்கும், கண் இமைக்குள் நிழல் விழும். நல்ல சிற்பி இதை எதிர்பார்த்துத் தலையைச் சற்றுக் கவிழ்த்து வைப்பார். அருகில் தூக்கிப் பிடித்த கைப்பேசிப் படத்தை வைத்து மூக்கு பெரிது என்று சொன்னால், குற்றம் லென்ஸுடையது. குடும்பத்தார் கொடுக்கும் படங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரே வயதில் முன்பக்கம், இரு பக்கவாட்டு, முடிந்தால் பின்னந்தலை என நாலு படமாவது வேண்டும். முப்பது வயதுப் படமும் எழுபது வயதுப் படமும் கலந்து கொடுத்தால் வருவது மூன்றாவது ஆள்.

நியூயார்க் மாநிலத்தின் சிற்றூரான செலரானுக்கு, நகைச்சுவை நடிகை லூசில் பாலின் சிலை 2009இல் நன்கொடையாக வந்தது. பயமுறுத்துகிறது என்று ஊரே சொல்லி, 2016இல் வேறொரு சிற்பியின் சிலையை வைத்தார்கள். பழையதை உருக்கவில்லை. அதே பூங்காவில் நிற்கிறது, அதைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

கேள்வி: ஆள் உயரத்தில் வைத்தால் போதாதா? எடை, அடித்தளம், பொருத்துவது பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: தரையோடு தரையாக, பெஞ்சில் உட்கார்ந்தபடி என்றால் ஆள் அளவு போதும். பீடத்தில் ஏற்றினால் ஆள் அளவுச் சிலை சிறுபிள்ளை போலத் தெரியும். ஒன்றேகால் மடங்கு வழக்கம்.

வெண்கலச் சிலை உள்ளே கூடு, திண்மம் அல்ல. மெழுகு வார்ப்பில் தடிப்பு 5 முதல் 6 மில்லிமீட்டர். உடுத்திய உருவத்தின் மேற்பரப்பை 2 சதுர மீட்டர் என்று வைத்தால், 6 மி.மீ. தடிப்பில் ஏறத்தாழ 105 கிலோ. ஒன்றேகால் மடங்காக்கினால் பரப்பு 1.56 மடங்காகும், எடை 165 கிலோ. உள் சட்டமும் அடித்தகடும் சேர்ந்து 200ஐத் தாண்டும். பீடம்தான் பாரம். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒன்றரை மீட்டர் உயரக் கருங்கல் நாலு டன்.

பூங்கா மண் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண். அதன்மேல் நேராகப் பீடம் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் ஒரு பக்கம் அமரும். ஒரு பாகை சாய்ந்தால் போதும், 3.6 மீட்டர் உயரத்தில் தலை 6 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும். கொட்டாத, இயல்பாகவே இறுகிக் கிடக்கும் மண் வரும்வரை தோண்டிக் கம்பி கட்டிய கான்கிரீட் போட வேண்டும். தோண்டும் முன் குழாய், கேபிள் வரைபடத்தை வாங்குங்கள். சிலையை நட்டபின் அடியில் குடிநீர்க் குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியது உலோகச் சேர்க்கை. உள்ளே சாதாரண இரும்புச் சட்டம் வைத்தால், ஈரம் பட்டதும் வெண்கலத்தோடு சேர்ந்து மின்வேதி அரிப்பு தொடங்கும். அரிக்கப்படுவது இரும்பு. துரு பருத்து வெல்டிங் மூட்டைப் பிளக்கும், செந்நிறக் கோடு பீடத்தில் வழியும். சுதந்திர தேவி சிலையிலும் இதே கதைதான். 2.4 மி.மீ. செப்புத் தகட்டுக்கும் இரும்புப் பட்டைகளுக்கும் இடையே வைத்த கல்நார்க் காப்பு காலப்போக்கில் கெட்டுப்போய், 1984–86 சீரமைப்பில் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். ஆகவே சட்டமும் போல்ட்டும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இருபது மி.மீ. திருகுக் கம்பி நாலு, கல்லுக்குள் 20 சென்டிமீட்டராவது இறங்கி எபாக்சிப் பசையில் நிற்க வேண்டும். துளைக்கு அளவை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். வார்ப்பு ஆறும்போது சுருங்கும், 2 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர்கூட வித்தியாசம் வரும். வார்த்து முடித்த சிலையின் அடித்தகட்டில் அட்டை வைத்து அச்செடுத்து, அதைக் கல்லில் வைத்துத் துளையிடுங்கள். அடித்தகட்டின் தாழ்ந்த முனையில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதை மறந்த சிலைகள் உள்ளே தண்ணீர் தேங்கி, பீடமெங்கும் பச்சைக் களிம்பு வடிந்து நிற்கின்றன.

காற்றுக்குப் பயப்படுகிறார்கள். மணிக்கு 144 கி.மீ. காற்றுகூட இந்த அளவுச் சிலையைச் சுமார் 150 கிலோ விசையில்தான் தள்ளும். நீட்டிய கையைப் பிடித்துத் தொங்கிப் படம் எடுக்கும் மூன்று பேர் அதைவிட ஆபத்து.

கேள்வி: வெண்கலத்துக்குப் பதில் ஃபைபரில் செய்து வெண்கலச் சாயம் அடித்தால்?

பதில்: தற்காலிகக் கண்காட்சிக்குச் சரி. வெயிலில் சில ஆண்டுகளில் சாயம் வெளுத்து, மேல்பூச்சு மயிர்க்கோடாக வெடிக்கும். உள்ளாட்சி ஒப்புக்கொண்டாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நன்கொடையாளர் பெயர் கல்வெட்டில் வரலாமா? என்ன எழுதலாம்?

பதில்: வரலாம், பின்பக்கத்தில், சிறிய தகட்டில். முன்பக்கம் நினைவுகூரப்படுபவருக்கு. பல ஊர்களில் சிலைக்கு இல்லாத எதிர்ப்பு, கொடுத்தவர் பெயர் பெரிதாக இருப்பதைக் கண்டதும் கிளம்புகிறது.

முன்பக்கத்தில் 40 சொல்லுக்குமேல் போகாதீர்கள். மூன்று மீட்டரிலிருந்து படிக்க எழுத்து 25 மி.மீ. உயரம் வேண்டும். "தன்னலமற்ற", "ஒப்பற்ற" எல்லாம் இடத்தை அடைக்கும். அவர் என்ன செய்தார், எந்த ஆண்டு, இந்த இடத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று எழுதினால் போதும். வெட்டும் முன் முழு அளவில் தாளில் அச்சிட்டுப் பீடத்திலேயே ஒட்டி, குடும்பத்தோடு தொடர்பில்லாத இரண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழையைக் கல்லில் அழிக்க முடியாது. முழு முகப்பையும் செதுக்கி இறக்க வேண்டிவரும்.

கேள்வி: நன்கொடை திரட்டிச் செய்ய நினைக்கிறோம். பாதியில் பணம் நின்றால்?

பதில்: முழுத்தொகையும் பராமரிப்புப் பங்கும் வங்கியில் சேரும்வரை குழி தோண்டாதீர்கள். வாஷிங்டன் நினைவுத் தூணை ஒரு தனியார் சங்கம் 1848இல் தொடங்கி, 1854இல் பணமும் ஒற்றுமையும் தீர்ந்து 46 மீட்டரில் நிறுத்தியது. பிறகு அரசு எடுத்து, 1884இல்தான் உச்சிக்கல் ஏறியது. சலவைக்கல் வேறு சுரங்கத்திலிருந்து வந்ததால் நிறம் மாறும் கோடு இன்றும் தெரிகிறது.

சிறு தொகையாகப் பலரிடம் வாங்குவது எதிர்ப்பையும் குறைக்கும். சுதந்திர தேவியின் பீடத்துக்கு 1885இல் ஒரு நாளிதழ் நிதி திரட்டியபோது, எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிட்டது. 1,20,000 பேருக்குமேல் கொடுத்து ஒரு லட்சம் டாலர் தாண்டியது.

கேள்வி: நன்கொடைப் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? பின்னாளில் அகற்றச் சொன்னால்?

பதில்: உரிமை யாருக்கு மாறுகிறது, எந்தத் தேதியில். பராமரிப்பு நிதி எவ்வளவு, எந்தக் கணக்கில். ஆண்டுக்கொரு முறை யார் பரிசோதிப்பது. சாலை அகலப்படுத்தினால் இடம் மாற்ற யார் செலவு. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை "இது இங்கே இருக்கலாமா" என்று மறுபடி பார்ப்பது. அகற்றினால் சிலை குடும்பத்துக்குத் திரும்புமா, அருங்காட்சியகத்துக்குப் போகுமா. "என்றென்றும்" என்ற சொல்லை மட்டும் எந்த உள்ளாட்சியும் கையெழுத்திடக்கூடாது.

சிற்பியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை பல நாடுகளில் சிற்பிக்கு உண்டு. சிலையை விற்றாலும் அது போகாது. நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 36 மீட்டர் நீளத்தில் 1981இல் நிறுத்திய எஃகுச் சுவர், வழியை மறைக்கிறது என்ற புகாரால் 1989இல் அகற்றப்பட்டது. இந்த இடத்துக்கென்றே செய்தது, நகர்த்தினால் அழித்ததாகும் என்று அவர் வழக்காடித் தோற்றார். அது அரசுப் பணத்தில் வைத்தது, ஆனாலும் பாடம் ஒன்றுதான்: நகர்த்தலாமா கூடாதா என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

எதிர்ப்பு வந்தால் விளக்கப் பலகை வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் ஒரு எச்சரிக்கை. அடிமை வணிகர் கோல்ஸ்டனின் 1895 சிலைக்கு இரண்டாவது பலகை வைக்க முயன்று, வாசகத்தில் உடன்பாடு வராமலே போனது. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் சிலையைக் கவிழ்த்துத் துறைமுகத்தில் தள்ளியது.

கேள்வி: வைத்துவிட்டோம். சுத்தம் செய்வது எப்படி?

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை, கடற்கரை என்றால் இருமுறை. அமிலமும் காரமும் இல்லாத சோப்பைச் சில துளி வாளித் தண்ணீரில் கலந்து, மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகக் கழுவி, சோப்பு தங்காமல் அலசுங்கள். முழுநாள் காயவிட்டு, உலோகம் வெயிலில் இளஞ்சூடாக இருக்கும்போது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லியதாகப் பூசி, ஆறியபின் பருத்தித் துணியால் தேய்க்கவும். மடிப்புகளில் திட்டாக நின்றால் வெள்ளையாகத் தெரியும், தூரிகையால் எடுத்துவிடுங்கள். பறவை எச்சத்தை ஆண்டுக் கணக்கு பார்க்காமல் அன்றே கழுவ வேண்டும். கம்பித் தூரிகை, பித்தளை துலக்கும் பசை, அழுத்த நீர்க்குழாய் மூன்றும் பக்கத்தில் வரக்கூடாது. திறப்பு விழாவுக்கு முதல் நாள் பளபளவென்று தேய்த்துவைக்க ஆசைப்பட்டு, வார்ப்பகத்தில் ஏற்றிய நிறத்தை ஒரே மணி நேரத்தில் உரித்தெடுத்தவர்கள் உண்டு. அதை மறுபடி ஏற்றச் சிலையைக் கழற்ற வேண்டாம், ஆனால் சாரம் கட்ட வேண்டும், சிற்பியையும் திரும்பக் கூப்பிட வேண்டும்.