வாசகர் கேள்வி: மூழ்கிய நிலத்துக்கு ஈடு உண்டா?

கேள்வி: தேவிபட்டினத்துக்கு அருகே கடலோரத்தில் எங்களுக்கு உவர் ஏறிய பட்டா நிலம் சும்மா கிடக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் நாரைகளும் உள்ளான்களும் வந்து இறங்குகின்றன. பிரேசிலில் அணை கட்டிய மின் நிறுவனம் ஒன்று, மூழ்கிய நிலத்துக்கு ஈடாகச் சதுப்பு நிலத்தைத் தனியார் காப்பகமாக ஆக்கியிருப்பதாக அறிந்தேன். அது உண்மையான ஈடுதானா? நம் ஊரிலும் பட்டாதாரர் அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது சிசல்பினா காப்பகமாக இருக்க வேண்டும். பரானா ஆற்றில் பத்துக் கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் எழுப்பப்பட்ட போர்த்தோ பிரிமவேரா அணை 1998-இன் இறுதியில் நீரைத் தேக்கத் தொடங்கியபோது, ஏறத்தாழ 2,250 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு நீர்த்தேக்கம் விரிந்தது. தென் அமெரிக்காவின் மிகப் பெரிய மான் இனமான சதுப்பு மானுக்கு வாழிடமாக இருந்த ஆற்றங்கரை வெள்ளச் சமவெளியின் பெரும்பகுதி அதில் போயிற்று. அதற்கு ஈடாக, மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலத்தின் பிரசிலாந்தியா பகுதியில் மூழ்காமல் தப்பிய சமவெளியின் ஒரு துண்டை நிறுவனம் காப்பகமாக்கியது. பிரேசில் சட்டத்தில் இத்தகைய தனியார் காப்பகம் நிரந்தரமானது. பத்திரப் பதிவிலேயே ஏறிவிடுவதால் நிலத்தை விற்றாலும் வாங்குபவரை அது கட்டுப்படுத்தும். ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் சுற்றுலாவுக்கும் மட்டுமே அங்கே இடம் உண்டு. இந்தக் கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஈடு என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். காக்கப்பட்ட துண்டு அணைக்கு முன்பும் அங்கேதான் இருந்தது. மூழ்கியதற்குப் பதிலாகப் புதிய சதுப்பு எதுவும் பிறக்கவில்லை, எஞ்சியது இனி அழியாது என்ற உறுதி மட்டுமே கிடைத்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வெள்ளம். ஆண்டுதோறும் ஆறு கரை மீறி ஏறி, வண்டலையும் மீன் குஞ்சுகளையும் விட்டுவிட்டு இறங்குவதால்தான் அந்நிலம் சதுப்பாக இருக்கிறது. காப்பகத்துக்கு மேலே ஜூப்பியா அணை, கீழே இந்த நீர்த்தேக்கம் என்று இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது, ஆறு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மதகுகளின் கையில் இருக்கிறது. வேலி போட்டு நிலத்தைக் காக்கலாம். வெள்ளத்தை வேலிக்குள் அடைக்க முடியாது.

நம் கடற்கரையின் கதை இதற்கு நேர் எதிரானது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை இங்கே எந்த வயலையும் மூழ்கடிக்கவில்லை. நாம் வைகையின் கடைமடையில் இருப்பதால் மேலே தேங்கும் நீர் நமக்கு வராமல் போவதுதான் இழப்பு. ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி, மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரம் வரை ஓடிக் கடலில் சேரும் ஆண்டை ஊரே பேசிக்கொள்ளும். நம் பக்கத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய கண்மாய்கள் இன்று ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) இருந்தாலும், கண்மாயில் தண்ணீர் நில்லாத ஆண்டில் கூழைக்கடா கூடு கட்டுவதில்லை.

பட்டா நிலத்துக்கு வழி உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவின்படி, ஒரு சமூகமோ தனிநபரோ தாமாக முன்வந்தால் அந்த நிலத்தை மாநில அரசு சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். அதன் பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. ஆகவே பங்காளிகள் அனைவரும் மனம் ஒத்த பிறகே ராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள்.

மனு எழுதும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் நிலத்துக்கு எந்தக் கண்மாயின் கலுங்குத் தண்ணீர் (கண்மாய் நிரம்பி வழியும் மிகுநீர்) வருகிறது, அல்லது வெறும் மழைநீர் மட்டும்தானா என்பதை மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் வழியோடு கூடவே நடந்து பாருங்கள். வழியில் ஓடையைச் சீமைக் கருவேலம் அடைத்திருந்தால், உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கும் அந்த ஓடையை ஊர்க்காரர்களோடும் ஊராட்சியோடும் பேசித் தூர்வாருவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.