454 பிக்-பிளாக் டிரக் இன்ஜினை இறக்கிக் கட்டலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நான் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். என்னிடம் 1978-ஆம் ஆண்டு செவ்ரோலே முக்கால் டன் பிக்கப் டிரக் உள்ளது. 454 கன அங்குல பிக்-பிளாக் (பெரிய வகை V8) இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். டிரெய்லர் இழுப்பதற்காகவே வைத்திருக்கிறேன். இப்போது ஆயில் குடிக்கிறது, மலைச்சாலையில் திணறுகிறது. ஒரு பட்டறையில், இன்ஜினை இறக்கி 450 குதிரைத்திறன் வரும்படி கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் ரெடிமேட் இன்ஜின் வாங்கச் சொல்கிறார். எதற்குச் செலவழிப்பது சரி?

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை நீலப் புகை வந்து அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு கைடும் (வால்வின் தண்டு நகரும் குழல்) அதன் சீலும்தான் தேய்ந்திருக்கும். அது ஹெட்டோடு, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியோடு முடிகிற வேலை. ஏற்றத்தில் தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அந்தச் சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும். ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே விலை சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இறக்கியே ஆக வேண்டும் என்று தெரிந்தாலும், 450 என்ற எண்ணுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். பவுண்டு-அடியில் அளந்த முறுக்கு விசையை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் வருவதே குதிரைத்திறன். ஆகவே இன்ஜினை வேகமாகச் சுற்ற விட்டாலே எண் பெரிதாகிவிடும். உங்கள் வண்டியில் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் இன்ஜினின் சுழற்சியைக் குறைக்கும் கியர்) இல்லை. பின் ஆக்சில் விகிதம் 3.73, டயரின் உயரம் 30 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 மைலில் இன்ஜின் ஏறத்தாழ 2,500 ஆர்பிஎம்மில் ஓடும். அங்கே 400 பவுண்டு-அடி முறுக்கு விசை இருந்தால் கணக்குப்படி 190 குதிரைத்திறன் வருகிறது. டிரெய்லரை மலையேற்றுவது இந்த 190-தான். 450 வர வேண்டுமென்றால் 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்ற வேண்டும், அதற்கேற்ற பெரிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட வேண்டும். அந்தக் கேம் கீழ்வேக இழுவையைத் தின்றுவிடும். ஐடிலில் இன்ஜினின் வேக்கம் (உறிஞ்சும் விசை) குறைவதால், அதை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டரும் வலுவிழக்கும். பின்னால் பல ஆயிரம் பவுண்டு எடையைக் கட்டிக்கொண்டு இறங்குபவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வேலைக்கு ஏற்ற இன்ஜின் மிதமானது. அந்த ஆண்டுகளின் 454-இல் கம்ப்ரஷன் விகிதம் 8-ஐ ஒட்டி இருந்தது. பிஸ்டன் மாற்றும்போது அதை 9 அளவுக்கு உயர்த்தினால், வார்ப்பிரும்பு ஹெட்டோடு, சாதாரணப் பெட்ரோலிலேயே, இக்னிஷன் டைமிங்கைச் சரியாக வைத்து நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம்) இல்லாமல் ஓட்ட முடியும். கேம் வால்வைத் திறந்து வைத்திருக்கும் அளவு, 0.050 அங்குலத் தூக்கலில் அளந்தால் 205 முதல் 215 பாகை வரை போதும். சிலிண்டரை 0.030 அங்குலம் போரிங் செய்தால் (குடைந்து அகலமாக்கினால்) 454, 460 கன அங்குலமாகும். ஆனால் போரிங் தேய்ந்த சுவரை நேராக்குவதற்குத்தான், சக்தி கூடுவதற்கு அல்ல. இன்னொன்றும் உண்டு: ஆக்சில் விகிதத்தை 3.73-இலிருந்து 4.10-க்கு மாற்றினால், இன்ஜினைத் தொடாமலேயே சக்கரத்தில் இழுவை சுமார் 10 விழுக்காடு கூடும். பெட்ரோல் அதிகம் செலவாகும் என்பது உண்மைதான், ஆனாலும் இதையும் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தின் பெரும்பகுதி பளபளக்கும் உதிரிப்பாகங்களுக்குப் போகாமல், லேத் பட்டறையின் அளவெடுப்புக்கும் கடைசலுக்கும் போக வேண்டும் என்பது என் திடமான கருத்து. பிளாக்கையும் கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) காந்தத் துகள் முறையில் விரிசல் பார்க்க வேண்டும். ஹெட்டின் அழுத்தத்தைப் போலச் செய்யும் கனத்த தகட்டை பிளாக்கின் மேல் முறுக்கிய பிறகே ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கடைசியாகத் தேய்த்துச் சீராக்குவது) செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மேசையில் வட்டமாக இருந்த சிலிண்டர், ஹெட்டை மாட்டியதும் கோணிவிடும். பிரித்த அன்று நீங்களும் போய்ப் பாருங்கள். சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டினால், ரிங் தொடாத இடத்தில் ஒரு விளிம்பு தட்டும். நகம் நன்றாகத் தடுக்கினால் போரிங் தவிர்க்க முடியாதது. பேரிங்கின் உலோக ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சாம்பல் நிறம் மங்கலாக, ஒரே சீராக இருந்தால் நல்லது. நடுவில் செம்பு நிறம் தெரிந்தால் கிராங்க்கையும் அளந்தாக வேண்டும். 454-இன் கிராங்க், முன்னேயுள்ள டேம்ப்பரிலும் (அதிர்வு அடக்கும் சக்கரம்) பின்னேயுள்ள ஃப்ளெக்ஸ் பிளேட்டிலும் (கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு) எடை வைத்துச் சமன் செய்யப்பட்டது. பிஸ்டன் மாறினால் மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். செவ்ரோலேயின் பழைய 396, 427 இன்ஜின்களின் பிளேட்டை இதில் மாட்டினால் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, வண்டி நீண்ட நாள் நிற்கக் கூடாது என்றாலோ ரெடிமேட் இன்ஜின் வாங்குவது நியாயம். அப்படி வாங்கும்போது பழைய இன்ஜினுக்காக ஒரு வைப்புத்தொகை பிடிப்பார்கள். உடைந்த பிளாக்கைக் கொடுத்தால் அது திரும்ப வராமல் போகலாம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டறையிடம் எழுத்தில் என்னென்ன வாங்க வேண்டும்? புகைச் சோதனையில் சிக்கல் வருமா?

பதில்: கலிபோர்னியச் சட்டப்படி, வேலை தொடங்கும் முன் எழுத்து மூலமான மதிப்பீடு தர வேண்டியது பட்டறையின் கடமை, உங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகையைத் தாண்ட முடியாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால், பிரிக்கும் கூலியோடு, வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் திரும்பப் பூட்டும் கூலியும் அந்த மதிப்பீட்டில் இருக்க வேண்டும். பழைய பாகங்கள் வேண்டுமென்றால் வேலையை ஒப்படைக்கும்போதே கேளுங்கள். சட்டம் கேட்காத ஒன்றையும் நீங்கள் கேளுங்கள்: ஒவ்வொரு சிலிண்டரின் அளவு, பேரிங் இடைவெளி, ரிங் இடைவெளி ஆகியவற்றை எழுதிய தாள். 4.280 அங்குலச் சிலிண்டரில் மேல் ரிங்கின் இடைவெளி, வழக்கமான கணக்குப்படி 0.017 அங்குலத்தை ஒட்டி வரும். அளந்தவர்களுக்கு எழுதித் தருவதில் சிரமம் இருக்காது.

ரெடிமேட் இன்ஜினுக்கு, 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் பொருந்தும். எழுத்து உத்தரவாதம் முழுமையானதா, வரம்புக்குட்பட்டதா என்று அதிலேயே சொல்ல வேண்டும், வாங்கும் முன் நீங்கள் படித்துப் பார்க்கக் கிடைக்க வேண்டும். டிரெய்லர் இழுத்தால் உத்தரவாதம் செல்லுமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

புகைச் சோதனையிலிருந்து 1975 வரையிலான மாடல்களுக்குத்தான் விலக்கு. உங்களுடையது 1978 என்பதால் கண்ணால் பார்க்கும் ஆய்வும் உண்டு. மேனிஃபோல்டு (காற்றும் எரிபொருளும் செல்லும் குழாய்த்தொகுதி), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்கள்) போன்றவற்றை வாங்கும்போது, உங்கள் வண்டிக்குச் செல்லும் மாநிலக் காற்று வாரியத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள்.

கேள்வி: என் தம்பியிடம் 1970-களின் ஃபோர்டு 460 டிரக் இருக்கிறது. குறைந்த செலவில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். புகை விதிகளுக்காக அந்த ஆண்டுகளில் 460-இன் கேம் டைமிங்கைத் தொழிற்சாலையிலேயே பின்தள்ளி, அதாவது வால்வு சற்றுத் தாமதமாகத் திறக்கும்படி வைத்தார்கள். டைமிங் செயின் தேய்ந்து மாற்றும் நாளில், பின்தள்ளாத பழைய அமைப்பிலான செயின் செட்டைப் போட்டால் கீழ்வேக இழுவை திரும்பக் கிடைக்கும். புகைச் சோதனை உள்ள மாநிலம் என்றால் முதலில் விதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கேம் புதிதாகப் போட்டால் பழைய லிஃப்டர்களையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. உங்கள் 454-இல் இருப்பது தட்டை லிஃப்டர், அதாவது கேமின் மேல் உரசி வால்வைத் தூக்கும் தட்டை அடியுள்ள பாகம். புதிய கேமுக்குப் புதிய லிஃப்டர்களே வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல், 2,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே வைத்து 20 நிமிடமாவது ஓட்டியாக வேண்டும். துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவில் உள்ள பிரேக்-இன் ஆயிலையும் அதற்கு முன்பே ஊற்ற வேண்டும். இதில் அலட்சியம் காட்டிய ஓர் இன்ஜினை நான் பார்த்திருக்கிறேன். சில நூறு மைலுக்குள் கேமின் ஒரு முனை மழுங்கி, இரும்புத்தூள் எல்லாப் பேரிங்குக்குள்ளும் போய், முழு வேலையும் வீணானது. ரோலர் லிஃப்டர் செட் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். விலை கூடுதல்தான், ஆனால் கையில் பணம் மிஞ்சினால் ஹெடரை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். எதைப் போட்டாலும், பிரேக்-இன் முடிந்ததும் ஆயிலை வடித்து, கழற்றிய ஃபில்ட்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் படிவு இயல்பானது. காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான சில்லுகள் தென்பட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் அந்த ஃபில்ட்டரோடு பட்டறைக்குப் போங்கள்.