நம்பாத பக்கத்தில் நின்று பேசுவது

வணக்கம் அம்மா,

என் சொந்த ஊர் பாலக்கோடு. மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அறவியல் வகுப்பில் விவாதம் வைத்தார்கள். 17 வயதில் மணமாகிக் கர்ப்பிணியாக வரும் பெண்ணைப் பற்றி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது தலைப்பு. தெரிவிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சீட்டுக் குலுக்கியதில் ‘வேண்டாம்’ அணி கிடைத்தது. பேசினேன், கைதட்டினார்கள், எங்கள் அணி வென்றதாக ஆசிரியர் அறிவித்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம்பாததை வாதாடி ஜெயிக்கப் பழகுகிறவர் நல்ல மருத்துவராக முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முடியும். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பேச்சைவிட, கடைசியில் சொன்ன தீர்ப்புதான் என்று நினைக்கிறேன்.

நம்மூரில் விவாதம் என்றதும் பட்டிமன்றம் நினைவுக்கு வந்துவிடுகிறது. திருவிழா மேடையில் நடுவர் எல்லோரையும் சிரிக்க வைத்து ஒரு பக்கம் சாய்ந்து முடிப்பார். யாருக்கும் நஷ்டமில்லை. மருத்துவ வகுப்பில் அந்த நடுவர் நாற்காலியே கூடாது. சைவ சித்தாந்தத்தில் பரபக்கம் என்று ஒரு முறை உண்டு. மாற்றார் கொள்கையை முதலில் விரித்துச் சொல்லிவிட்டு, பிறகே மறுப்பார்கள். எதிராளியின் வாதத்தை அவரே ஒப்பும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவருக்கு அதை மறுக்கும் தகுதி வருவதில்லை. நீங்கள் செய்தது அந்த முதல் வேலையை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தாக வேண்டும். தவறினால் மருத்துவருக்கும் தண்டனை உண்டு. 18 வயதாகாத மனைவியோடு உறவு கொள்வதும் குற்றமே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு, மனைவிதானே என்ற சமாதானமும் போயிற்று.

ஆனால் அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். புகார் போனால் புருஷன் சிறைக்குப் போவான், பெற்றவர்கள்மேல் வழக்கு வரும். கைக்குழந்தையோடு அவள் யார் வீட்டில் இருப்பாள்? இதைக் கண்ட அடுத்த பெண், ஆரம்ப சுகாதார நிலையத்துப் படியே மிதிக்காமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ள நினைப்பாள். 17 வயது உடம்பில் ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நீங்கள் பேசியது இந்தப் பெண்களுக்காக. அதில் பொய் எங்கே இருக்கிறது? 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே இந்த அச்சத்துக்குக் காது கொடுத்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் தரும் மருத்துவர் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது.

பெற்றுக்கொள்ள வருபவளுக்கு அந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. ஆகவே நாளை நீங்கள் தெரிவிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ‘வேண்டாம்’ என்று ஒருமுறை மனமாரப் பேசியிருப்பதால், தெரிவிக்கும் முன் அவளை உட்காரவைத்து இனி என்ன நடக்கும் என்று விளக்குவீர்கள். அடுத்த பரிசோதனைக்கு அவள் வர வழி செய்வீர்கள். குழந்தைகள் நலக் குழுவில் யாரிடம் பேசுவது என்று முன்பே விசாரித்து வைத்திருப்பீர்கள். மறுபக்கத்தைக் கேட்டே இராத மருத்துவர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டு அணி பிரிக்கக் கூடாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லலாமா எனத் தலைப்பு வைத்தால் எழுந்து மறுத்துவிடுங்கள். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் தருமபுரிக்கும் ஏன் வரவேண்டியிருந்தது என்று உங்கள் ஊர்ப் பாட்டிமார்களைக் கேளுங்கள். கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1994-இல் தடைச் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொன்னவர்கள் தருமபுரி மாவட்டத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். ‘சொல்லலாம்’ என்று சாமர்த்தியமாகப் பேச இங்கே ஒருவரையும் பழக்கக் கூடாது. மாமியார் கையைப் பிடித்துக் கெஞ்சும்போது எப்படி மறுப்பது என்று வேண்டுமானால் நடித்துப் பாருங்கள்.

விவாதிக்க உகந்தவை எத்தனையோ உண்டு. வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்க மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவள் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் கேட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாளியை விட்டுவிட்டு உறவினரிடம் கேட்டுப் பழகிய நம் மருத்துவமனைகளில் அந்த வழக்கை நாள் முழுக்கப் பேசலாம்.

2019-இல் வந்த பாடத்திட்டம் அறவியலுக்கென வகுப்பு நேரம் ஒதுக்கியிருக்கிறது. அடுத்த முறை பாதி நேரத்தில் அணிகளை மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். வெற்றி அறிவிப்பு வேண்டாம். முடிவில் ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணிடம் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை உரக்கச் சொல்லட்டும். மலைப்பகுதித் துணை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியரையும் அழையுங்கள். இந்தப் பெண்களின் வீட்டு வாசல்வரை போய் வந்தவர் அவர். உங்கள் இரண்டு அணியிலும் யாரும் யோசிக்காத கேள்விகளை அவர் கேட்பார். வகுப்பைப் புதன்கிழமையில் வைத்துவிடாதீர்கள், அன்று அவருக்குத் தடுப்பூசி வேலை இருக்கும்.