கிருபை போதவில்லையே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருமணத்துக்கு முன்பிருந்தே காலையில் எழுந்ததும் அனுதின தியானம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. மூன்று வருடமாக மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருடைய மற்ற பிள்ளைகள் எப்போதாவது வந்து பார்ப்பதோடு சரி, எல்லாம் நான்தான். காலையில் பொறுமையைப் பற்றி வாசிப்பேன், பத்து மணிக்குள் அவரிடம் கத்திவிடுவேன். இரவில் அழுதுகொண்டே ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பேன், மறுநாளும் அதே கதைதான். போன வாரம் ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற வசனம் வந்தது. எனக்குப் போதவில்லையே ஐயா. என் விசுவாசத்தில்தான் குறையா? இப்போதெல்லாம் ஜெபத்துக்கு உட்காரவே கூச்சமாக இருக்கிறது. என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

‘என் கிருபை உனக்குப்போதும்’ என்பது அப்போஸ்தலன் பவுலின் ஜெபத்துக்கு ஆண்டவர் சொன்ன பதில். அதைக் கேட்ட மாத்திரத்தில் பவுலுக்கே அது போதுமென்று தோன்றியிருக்கும் என்று எனக்குப் படவில்லை. அவர் கேட்டது கிருபையை அல்லவே. தன்னை வாட்டிய ஏதோ ஒரு வேதனையை ‘முள்’ என்று சொல்லி, அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை, அதற்குப் பதிலாக வந்த வார்த்தைதான் இது. நாம் அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிற வாக்குத்தத்தம், ஒரு ஜெபம் மறுக்கப்பட்ட இடத்தில் சொல்லப்பட்டது. தியானப் பக்கங்களில் இந்த முன்கதைக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. மேலே வசனம், நடுவில் ஒரு சம்பவம், கீழே சின்ன ஜெபம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்தாக வேண்டும், வாசிக்கிறவரின் பிரச்சினையும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான இரண்டாம் கொரிந்தியரை 10-ம் அதிகாரத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அந்தச் சபையில் சிலர் பவுலை மட்டமாகப் பேசியிருக்கிறார்கள். கடிதமெல்லாம் பலமாகத்தான் இருக்கிறது, ஆளை நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை, பேச்சும் சுமார்தான் என்று. சரி, நானும் மேன்மைபாராட்டுகிறேன் என்று அவர் ஆரம்பித்து, அடி வாங்கியது, கப்பல் உடைந்தது, பசி, தூக்கமில்லாத இரவுகள் என்று சொல்லிக்கொண்டே போய், தமஸ்குவில் ஜன்னல் வழியாகக் கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பித்த கதையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெருமையடிக்க நினைக்கிறவன் வெளியே சொல்கிற கதையா அது? அதற்கு அப்புறம் 14 வருடத்துக்கு முந்தைய ஒரு தரிசனம், அதை வைத்து அவர் தன்னை உயர்த்திக்கொள்ளாதபடிக்கு வந்த முள். அது கண் நோயா, வலிப்பா, எதிர்த்து நின்ற ஆட்களா என்று ஆளுக்கொரு ஊகம் இருக்கிறது, அவர் சொல்லவில்லை. பின்னால் அது எடுக்கப்பட்டதாகவும் எங்கேயும் சொல்லவில்லை. முள்ளோடு இருக்கிற ஒரு மனிதர்தான் ‘போதும்’ என்கிற அந்த வார்த்தையை நமக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்.

நீங்களோ கிருபையைக் காலையில் ஒரு வேளை மருந்து போல எடுத்துக்கொண்டு, இரவுவரை கோபம் வராமல் அது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். பத்து மணிக்குக் கோபம் வந்ததும், விசுவாசத்தில் குறை என்று உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்கிறீர்கள். பேதுருவை நினைத்துப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீடனான அவன் மறுதலிக்கும் முன்னாலேயே அவர் ‘உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்’ என்கிறார். மறுதலிக்காதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. ‘நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து’ என்று அடுத்த வேலையையும் கையோடு கொடுத்துவிடுகிறார். அன்று இரவு அவன் விழப்போகிறான் என்பது தெரிந்தே செய்யப்பட்ட ஜெபம் அது. உங்களுடைய பத்து மணியும் அவருக்குத் தெரியாமல் வந்துவிடுவதில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மூன்று வருடம் தனியாக ஒருவரைப் பார்த்துக்கொண்டதில் வந்த களைப்பு பலவீனம். எழுந்து போக முடியாத ஒருவரிடம் கத்துவது பலவீனம் அல்ல, பாவம். பவுல் மேன்மைபாராட்டியது முதலாவதைக் குறித்து மட்டும்தான். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமருக்கு எழுதின கடிதத்தில் அவரே கேட்டு, ‘கூடாதே’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். இரவில் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள், நல்லது. மாமியாரிடம் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்டுவிடுங்கள். விளக்கம் வேண்டாம், ‘கத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அத்தை’ என்றால் போதும், அன்றைக்கே.

அதற்காக ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் முடியும்’ என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. ‘நீர் கட்டளையிடுகிறதை எனக்குத் தாரும், பிறகு நீர் விரும்புகிறதைக் கட்டளையிடும்’ என்று வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் ஜெபித்திருந்தார். ரோமில் இருந்த பெலாகியுஸ் என்ற போதகர் அந்த வரியைக் கேட்டுக் கொதித்துப்போனார். இப்படி ஜெபித்தால் யார் ஒழுங்காக வாழப் பார்ப்பார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நான் இளக்காரம் செய்யமாட்டேன், சாக்குச் சொல்லும் கிறிஸ்தவர்களைப் பார்த்த எவருக்கும் அது புரியும். ஆனாலும் மனிதன் தன் முயற்சியாலேயே கட்டளையைக் கைக்கொள்ள முடியும் என்ற பெலாகியுஸின் போதனையை 418-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் தள்ளினார்கள், தள்ளியது சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னபடி பார்த்தால் உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் ஒரு கட்டளைதான் மிச்சம், செய்வதற்கான பெலன் எங்கிருந்தும் வராது. அகஸ்டினின் ஜெபத்தில் இரண்டும் இருக்கின்றன. கட்டளையை அவர் குறைத்துக்கொள்ளவில்லை, அதைச் செய்யும் பெலனையும் கட்டளையிட்டவரிடமே கேட்கிறார்.

களைப்பு விஷயத்துக்கு எலியா தீர்க்கதரிசியிடம் போக வேண்டும். போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டவரிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார், திட்டவில்லை, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச வேண்டியதெல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். உங்களுக்கு இப்போது இன்னொரு தியானப் பக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதல் தூக்கம் அவசரம் என்றே எனக்குப் படுகிறது, அதற்காக ஒரு காலை வாசிப்பு விட்டுப்போனால் போகட்டும்.

ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது என்றீர்கள். எப்படி வேண்டிக்கொள்வதென்று தெரியாதவர்களுக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். வார்த்தை வராவிட்டால் சும்மா உட்காருங்கள். வசனம் வேண்டுமென்றால் 88-ம் சங்கீதத்தை எடுங்கள்; அது கடைசிவரை புலம்பல்தான், ஆறுதலாக ஒரு வரி சேர்த்து யாரும் அதை முடித்து வைக்கவில்லை, அப்படியே வேதத்தில் இருக்கிறது.

மாமியாரின் மற்ற பிள்ளைகளிடம் இந்த வாரமே பேசுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவர்களில் ஒருவர் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது, அது மருமகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. நீங்கள் கேட்டால் சண்டை வரும் என்றால் உங்கள் கணவர் கேட்கட்டும், அவருடைய அம்மாதானே.