இல்லத்திலும் உறவினர் வீட்டிலும் வளரும் சின்னப் பிள்ளைகள்: கேள்வி பதில்

குழந்தைகள் இல்லங்கள், வளர்ப்புக் குடும்பங்கள், பாட்டி வீடுகள் என்று பெற்றோரைப் பிரிந்து வளரும் சின்னப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. அங்கன்வாடி, இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

காட்பாடி, இல்லப் பணியாளர்: மேடம், எங்களிடம் மூன்று, நான்கு வயதில் ஒன்பது பிள்ளைகள். ஒரு பையனுக்கு நான்கு முடிந்தும் ஒன்றிரண்டு வார்த்தைதான் வருகிறது. அ, ஆ எழுத வையுங்கள் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

எழுத்து கொஞ்சம் பொறுக்கட்டும் அம்மா, முதலில் பேச்சு. இல்லங்களில் நாம் பிள்ளைகளிடம் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். வா, உட்கார், சாப்பிடு, தூங்கு. பதிலே தேவைப்படாத பேச்சு. அதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை எதற்காக வாயைத் திறக்கும்?

நாளைக்குச் சமையலறையில் கத்திரிக்காய் நறுக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயின் காம்பைத் தொட்டுப் பார்க்கட்டும். "குத்துதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். அவன் "குத்து" என்றால், "ஆமா, முள்ளு குத்துது, விரல் வலிக்குது" என்று நீட்டிச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கேதான் பிடிபடும்.

கூடவே காது கேட்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது காட்டுங்கள். மேல் பரிசோதனைக்கு அவர்களே அனுப்புவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நிர்வாகத்திடம் இன்னொன்றும் கேளுங்கள். ஒன்பது பேரை மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூவருக்கும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் முடிந்தவரை ஒரே ஆளாக இருக்கட்டும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் இல்லக் குழந்தைகள் 136 பேரில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவுத்திறன் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாக வளர்ந்தது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகப் பலன். 'இவர் என் ஆள்' என்று சொல்ல ஒருவர் இருப்பதுதான் இந்த வயதுப் படிப்பின் அடித்தளம். பொம்மை, சார்ட் எல்லாம் அதற்கு அப்புறம்.

குடியாத்தம், பாட்டி: பொண்ணு தவறிட்டா. அவ பையன் எங்கிட்டதான் கீறான், நாலு வயசு ஆவுது. நான் பீடி சுத்துறேன், எழுதப் படிக்கத் தெரியாது. இவனுக்கு இன்னாத்த சொல்லித் தருவேன்?

நிறையத் தரலாம்மா. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. ராத்திரி படுக்கும்போது, "முதல்ல என்ன பார்த்த? அப்புறம்?" என்று கேளுங்க. நடந்ததை வரிசையாகச் சொல்லப் பழகினால் நாளைக்குப் பாடம் படிக்கும்போது அது கைகொடுக்கும். உங்களுக்குத் தெரிந்த கதைகளைச் சொல்லுங்க. ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்க. புளியங்கொட்டை வைத்து எண்ணட்டும். பீடி முறத்தை மட்டும் அவனுக்குத் தள்ளி வையுங்க, புகையிலைத் தூள் ஆகாது.

பகலில் அங்கன்வாடிக்கு அனுப்புங்க, செலவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவு உதவி கேட்டு மனு கொடுங்க. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் உறவினரிடம் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகளின் இறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்க.

பேர்ணாம்பட்டு, அங்கன்வாடிப் பணியாளர்: உருது பேசும் பெண் குழந்தை, இப்போது தமிழ் பேசும் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறாள். மையத்தில் வாயே திறப்பதில்லை. உருதுவை மறக்கடித்தால் தமிழ் சீக்கிரம் வருமா?

வேண்டவே வேண்டாம். வீடு போய்விட்டது, அவளிடம் மிச்சம் இருப்பது அந்தப் பேச்சுதான். நீங்களும் தண்ணீருக்கு 'பானி', 'இங்கே வா' என்பதற்கு 'இதர் ஆ' என்று பத்துச் சொல் பழகுங்கள். உங்கள் ஊரில் உருது தெரிந்தவருக்கா பஞ்சம்? வாரம் ஒருநாள் யாராவது வந்து அவளோடு பேசட்டும். பேசாத நாட்களிலும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பேசச் சொல்லி எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள்.

ராணிப்பேட்டை, வளர்ப்புத் தாய்: பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தயங்குகிறார்கள், அக்கா.

வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகலோடு போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வேலூர், கல்லூரி மாணவர்: பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேக் வெட்டி, பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடலாம் என்று நண்பர்களோடு நினைத்திருக்கிறேன்.

படம் போடாதீர்கள் தம்பி. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். புதிது புதிதாக ஆட்கள் வந்து கொஞ்சிவிட்டு மறைவது பிள்ளைகளுக்கு நல்லதும் அல்ல. உங்களில் இரண்டு பேர் இல்லத்தின் அனுமதியோடு வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரு வருஷம் வந்து படக்கதை வாசிக்க முடியுமா? முடியும் என்றால் வாருங்கள். வர முடியாத வாரத்தை முன்னதாகவே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆம்பூர், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்: 'என் குடும்பம்' படம் வரையச் சொன்னேன். இல்லத்துப் பையன் தாளைக் கிழித்துவிட்டான்.

அடுத்த முறை 'என்னைப் பார்த்துக்கொள்கிறவர்கள்' என்று எல்லாப் பிள்ளைகளுக்குமே சொல்லுங்கள். சமையல் அக்காவையும் வரையலாம், நாய்க்குட்டியையும் வரையலாம். 'அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா' என்பதையும் 'வீட்டில் வாங்கி வா' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அவனுடைய படங்கள், பிடித்த கதை, எந்த எழுத்து வரை வந்தான் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இந்தப் பிள்ளைகளை வருஷ நடுவிலும் வேறு ஊருக்கு மாற்றுவார்கள். இல்லத்தில் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு படிவம் இருக்கும். கோப்பின் நகலை அதோடு சேர்க்கச் சொல்லுங்கள். புதிய ஆசிரியர் மறுபடி அ-விலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.